திரும்பாத பக்கம்

பத்திநாதனின் கழுத்து வலப்பக்கம் திரும்பாமல் போய் மூன்று வருஷமாகிறது. ஹட்டன் டவுனில் சீன ஊசி வைத்தியம் பார்க்கும் ஷெரோமி, அவர் பிடரிப் பள்ளத்தைத் தடவி, ஐந்தாம் வாரமாக ஊசி ஏற்றினாள்.

"இந்தப் புள்ளியில குத்தினா எருமைக்கே கழுத்து திரும்பும். எங்க, திருப்புங்க அண்ணே."

பத்திநாதன் இடப்பக்கம் அழகாகத் திருப்பிக் காட்டினார்.

"வலப்பக்கம்?"

"முடியலைங்களே."

"வேலை செய்யிறப்பவும் இப்பிடித்தானா?"

"தேயிலை மலையில அவ்வளவா தெரியாதுங்க. லயத்து வரிசையில எங்க வீட்டு வாசல்ல நின்னாத்தான் சுத்தமா திரும்பாது."

ஷெரோமி பெருமூச்சு விட்டாள். "சரி, வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வாங்க."

அவர் போய் அரைமணி கழித்து ஒரு புது ஆள் வந்து உட்கார்ந்தார்.

"என்னங்க செய்யுது?"

"கழுத்துங்க. இடப்பக்கம் திரும்ப மாட்டேங்குது. மூணு வருஷமாச்சு."

"எப்ப அதிகமா இருக்கும்?"

"லயத்து வாசல்ல நிக்கிறப்ப."

ஷெரோமி கையில் எடுத்த ஊசியைக் கீழே வைத்தாள்.

"லயத்துல உங்க வீட்டுக்கு இடப்பக்கம் யாருங்க இருக்காங்க?"

அவர் சுவரைப் பார்த்தார். "எங்க அண்ணன். பேர மட்டும் கேக்காதீங்க."

"கேக்கல. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வாங்க," என்றாள் ஷெரோமி. "அன்னைக்கு ஊசி கெடையாது. தேத்தண்ணிதான்."