சூசையின் நிரை

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவும் வேலை தாங்காமல் தூக்குப் போட்டுக்கொண்ட சூசையைக் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியேதான் புதைத்தார்கள். உபதேசியார் மட்டும் அவன் மனைவி தெரசம்மாளிடம் தணிந்த குரலில், "செத்த பிறகும் ஆண்டவர் கை நீட்டுவாரும்மா. கடைசியில ஒருத்தரையும் விடமாட்டாரு. நான் சொன்னேன்னு மூவார் டவுன் கோயில் சாமியார்கிட்ட சொல்லிடாத," என்றார்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எட்டாம் நாள் விடியலில், வேலையாட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டில் அவள் போய் நின்றாள். கங்காணி சூசையின் நிரையையே, அவன் சீவி வந்த முந்நூறு மர வரிசையையே, அவளுக்குக் கொடுத்தார்.

"உம் புருசன் மரந்தானே, கோவிச்சுக்காது. போ."

எட்டு நாளாக யாரும் சீவாத மரங்கள். முதல் மரத்தில் வெட்டு ஈரமாக இருந்தது. கோப்பையில் பால் நிறைந்திருந்தது. அடுத்ததிலும் அப்படியே. பட்டைச் சீவல்கள், நொட்டாங்கைக்காரனான சூசை சீவினால் எந்தப் பக்கம் விழுமோ அந்தப் பக்கமே விழுந்து கிடந்தன. முந்நூறு மரத்தையும் நடந்து பார்த்தாள். கடைசி மரத்தில் பால் அப்போதுதான் வடியத் தொடங்கியிருந்தது.

"ஆண்டவர் இன்னும் கை நீட்டலையாய்யா?" என்று அந்த மரத்திடம் கேட்டாள்.

பின்னால் வந்த கங்காணி கோப்பையை எட்டிப் பார்த்தார். முகம் மாறவில்லை.

"நாளைக்கு நீ வேற நிரைக்குப் போ," என்றார். "இதுக்கு ஆள் இருக்கு."