பட்டை கை மாறிய வெள்ளிக்கிழமை

அரையாண்டு விடுமுறை விட்ட அன்றே, ஞானசேகர் தன் ஆறு வயது மகள் நிறைமதியின் கையில் புதிதாக வாங்கிய மின்னணுப் பட்டையைக் கட்டிவிட்டான். பிள்ளைக்குப் போரடித்தால் போதும், பட்டை கண்டுபிடித்துவிடும். உடனே சுவர் ஒலிபெருக்கி வழியே வீடே வாய்திறந்து புதிதாக ஒரு விளையாட்டைச் சொல்லும். மாலையில் பிள்ளை எப்படிப் பொழுதைக் கழித்தது என்று அவன் போனுக்குச் செய்தி வந்துவிடும். அவனும் வீட்டிலிருந்தபடியே நிம்மதியாக அலுவலக வேலை பார்த்தான்.

வெள்ளிக்கிழமை நிறைமதிக்கு எண்ணெய்க் குளியல். மனைவி அமுதா பட்டையைக் கழற்றி, "எங்கயாவது வச்சுத் தொலைச்சிடாதீங்க" என்று அவனிடம் கொடுத்தாள். அவன் அதைத் தன் கையிலேயே மாட்டிக்கொண்டான், மறந்தும் போனான்.

அலுவலகக் கூட்டம் திரையில் ஓடிக்கொண்டிருந்தபோது வீடு கொஞ்சியது. "செல்லத்துக்கு ரொம்பப் போரடிக்குதா? செய்யறதை அப்படியே வச்சிட்டு வா, தலையணையில கோட்டை கட்டலாம்."

திரையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், மேலாளர் உட்பட. அவன் கூட்டத்தை அணைத்துவிட்டுப் பட்டையைக் கழற்றப் போனான். சாம்பிராணி மணக்க, ஈரத்தலையோடு வந்த நிறைமதி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கழட்டாதீங்கப்பா. இன்னைக்கு நீங்கதான் பிள்ளை. நான் பாத்துக்கறேன்."

கோட்டை இரண்டு முறை அவன் தலையிலேயே சரிந்தது.

மாலையில் போனுக்கு வழக்கம்போலச் செய்தி வந்தது. 'உங்கள் பிள்ளை இந்த விடுமுறையிலேயே இன்றுதான் அதிகம் சிரித்தது. கூடவே இருந்து விளையாடிய பெரியவருக்கு நன்றி.'

சத்தமாகப் படித்துக் காட்டலாமென்று குனிந்தான். பெரியவர் அவன் மடியில் தூங்கிப்போயிருந்தார்.