ஒன்பதாவது பத்தி

"அடுத்ததச் சொல்லு," என்றாள் புஷ்பமேரி.

ஜோபி தாளைத் திருப்பினான். நுகர்வோர் கோர்ட்டில் ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்திருந்த பதில் அது. மலையாளத்தில், மொத்தம் பதினோரு பத்தி. புஷ்பமேரி தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதனால் ஒவ்வொரு பத்தியையும் அவன் மனதுக்குள் படித்துவிட்டு, அவளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பீர்மேட்டு மழை தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டின் தகரக் கூரையில் விட்டு விட்டுப் பெய்தது. சேலைத் தொட்டிலில் எட்டு மாதப் பிள்ளை தூங்கியது.

அந்தப் பிள்ளை பிறந்த ஒன்பதாம் நாள் அதன் தாய் டின்சி செத்துப்போனாள். ஜோபிக்கு மனைவி, புஷ்பமேரிக்கு ஒரே மகள். ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுத்தார்கள். இடது காலில் கட்டியிருந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறி அடைத்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

"கால் வீங்குனத டின்சி அவங்ககிட்ட சொல்லவே இல்லையாம் அத்தே."

"சொல்லலையா? ரெண்டு தடவ போயிப் பாவாடயத் தூக்கிக் காட்டுனாளே! அந்த டாக்டரு நாற்காலிய விட்டு எந்திரிச்சானா? 'பிள்ள பெத்தா நீர் வைக்கும், உப்பக் குறை'ன்னுட்டான். அவன் சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கானான்னு நான் கூண்டுல ஏறிக் கேக்கேன் பாரு."

இதைக் கேட்கத்தான் அவள் உயிரோடு இருந்தாள். ஆறு மாதமாகக் கொழுந்து கிள்ளிக்கொண்டே சொல்லிச் சொல்லிப் பார்க்கிறாள். பக்கத்து நிரைப் பெண்களுக்கெல்லாம் அது மனப்பாடம். "அக்கா, நீ பேசுனா ஜட்ஜே கர்ச்சீப்ப எடுத்துருவாரு" என்று சூப்பர்வைசர்கூடச் சொல்லிவிட்டார்.

எட்டாவது பத்தியைச் சொன்னான்.

ஒன்பதாவதைக் கண்ணால் கடந்தான்.

பத்தாவதையும் பதினோராவதையும் சொன்னான்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"பூராவும் பொய்யி. இத வச்சுக்கிட்டா என்னைய மடக்கப் போறானுவ?"

ஜோபி தாள்களை ஒன்றாகச் சேர்த்து, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்தான்.

"அத்தே, கேஸ் வேண்டாம். நாளைக்கு வக்கீலப் பாத்து வாபஸ் வாங்கிருதேன்."

அவன் விளையாடுகிறான் என்று நினைத்து அவள் சிரித்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"எவ்வளவுலே குடுத்தான்?"

அவன் தாள்களை இரண்டாக மடித்தான்.

"எம்மவ உசுருக்கு எவ்வளவுலே குடுத்தான்?"

வாங்கவில்லை என்றால், பிறகு ஏன் என்று கேட்பாள். கேட்டால் விடமாட்டாள். அவனுக்கு அது தெரியும். தாயில்லாமல் நின்ற அண்ணன் மகனான அவனைத் தூக்கிவந்து வளர்த்து, பெண்ணையும் கொடுத்தவள் அவள்.

"குடுத்தாங்க," என்றான்.

புஷ்பமேரி எழுந்து தொட்டிலில் கிடந்த பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டாள்.

"இதுக்கு அப்பனும் செத்துட்டான்னு சொல்லி நான் வளத்துக்கிடுதேன். நீ தொடாத."

அடுக்களைக் கதவு சாத்திக்கொண்டது.

நேற்று இந்தத் தாள்களைக் கொடுத்தபோதே வக்கீல் விளக்கிச் சொல்லியிருந்தார். ஒன்பதாவது பத்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வீங்கிய காலை ஸ்கேன் எடுத்துப் பார்க்காதது அவர்கள் குற்றம்தான், கேஸ் நிற்கும். ஆனால் டின்சியின் அம்மா கூண்டில் ஏறினால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

ஜோபி ஒன்பதாவது பத்தி இருந்த தாளை எடுத்தான்.

'இறப்பதற்கு முந்தின நாள் மாலை, வீங்கியிருந்த காலில் நோயாளியின் தாயார் தைலம் தேய்த்து, கீழிருந்து மேலாக நெடுநேரம் அழுத்தி நீவியிருக்கிறார். ரத்தக்கட்டி இடம்பெயர்ந்து மரணம் நேர்ந்தது இதனாலேயே. ஆதாரம்: அவசரப் பிரிவுக் குறிப்பு. தகவல் தந்தவர்: கணவர்.'

லயத்தில் எல்லோரும் செய்வதுதான். நாளெல்லாம் சரிவில் நின்று கொழுந்து கிள்ளிவிட்டு வருகிற கால் கல்லாக இறுகிக் கிடக்கும். தைலத்தைக் காய்ச்சி ஊற்றிக் கெண்டைக்காலை மேலே தள்ளி நீவினால் மறுநாள் மலையேறலாம். அதில் புஷ்பமேரியின் கையைப் போல ஒரு கை அந்த எஸ்டேட்டிலேயே கிடையாது. அன்று சாயங்காலம் டின்சிகூட, "இப்பத்தாம்மா லேசா இருக்கு" என்றாள். விடிந்து எழுந்து நின்றவள் மூச்சுக்குத் தவித்து விழுந்தாள்.

ஜீப்பில் போட்டு மலையிறங்கி அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, அவசரப் பிரிவில் இருந்த டாக்டர், வீட்டில் யாரும் இவளைக் கவனிக்கவில்லையா என்று கேட்டுவிட்டார். ஜோபிக்குச் சுருக்கென்றது. கவனிக்காமல் விடவில்லை என்று காட்டத்தான் சொன்னான். எங்கள் அத்தை நேற்று முழங்கை வலிக்க வலிக்கக் காலை நீவிவிட்டார்கள் என்று, கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

டாக்டர் எழுதிக்கொண்டார்.

அடுக்களையில் கிண்ணம் வைக்கிற சத்தம் கேட்டது. பிள்ளையைக் குளிப்பாட்டுகிற நேரம். புஷ்பமேரி விசும்பலுக்கு நடுவே உள்ளங்கைகளில் எண்ணெயைச் சூடேறத் தேய்ப்பது கேட்டது.

காலை நீவத் தொடங்கியிருக்க வேண்டும். பிள்ளை கெக்கலித்துச் சிரித்தது.