உரக்கத் தேடுபவர்

நூலகத்துக்காகச் செய்த தேடல் திரையைச் சோதித்துப் பார்க்க தேவசகாயம் வந்திருந்தார். அதை வடிவமைத்த அகல்யா அவருக்கு விதியைச் சொன்னாள். ஒரு புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவர் கண்டுபிடிக்க வேண்டும். தேடும்போது மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள், பதில் பேச மாட்டாள்.

"எல்லாத்தையும் சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டு அவர் ஆரம்பித்தார். "இதத் தொட்டா வேற பக்கம் வருது. இந்த மஞ்சக் கலர் என் சம்சாரம் ஜெயசீலிக்குப் பிடிக்கும். அவ போனதுலருந்து வீட்டுல நான் வாயே தொறக்கறதில்ல மேடம்."

தேடல் பொத்தானைத் தவிர எல்லாவற்றையும் தொட்டார். 'பொத்தான் கண்ணில் படவில்லை' என்று அகல்யா குறித்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் பொத்தான் பெரிதாகித் திரையின் நடுவுக்கு வந்திருந்தது. இஸ்திரி போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்தார் தேவசகாயம். விரல் பட்டதுமே அலமாரி எண் வந்து நின்றது.

"கெடச்சிருச்சு," என்றார். விரலை எடுக்கவில்லை. "பழைய பட்டனும் நல்லாத்தான் தெரிஞ்சுது மேடம்."

அகல்யாவின் பேனா நின்றது. அவர் பேசி முடிக்கும்வரை சோதனை முடியாது. அவள் பேசக் கூடாது.

"இப்ப எந்திரிக்கிறேன்," என்றார் அவர். "நாற்காலிய உள்ள தள்ளுறேன்." கதவு சாத்திய பிறகும் படிக்கட்டில் அந்தக் குரல் இறங்கிக்கொண்டே போனது. "செருப்பு மாட்டுறேன். வெளிய நல்ல வெயிலு. இப்ப... வீட்டுக்குத்தான் போகணும்."