எதிர்க்கடை

"எதிர்க்கடை அழகப்பனை நம்பிக் கூட்டுச் சேரலாமா பாய்? மனசுல உள்ளதைச் சொல்லுங்க."

சாகுல் ஹமீது வாய்க்குக் கொண்டுபோன கோப்பிக் குவளை பாதி வழியில் நின்றுவிட்டது. சிராங்கூன் ரோட்டில் இத்தனை கடைகள் இருக்க, இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு இவர் தன் கடைக்கா வரவேண்டும்?

கேட்டவர் ஈப்போ ஊர்க்காரர் மருதப்பன். ஜூரோங்கில் புதிதாக மசாலா ஆலை கட்டுகிறார். இயந்திரம் அவருடையது. சரக்கின் தரம் தெரிந்த கூட்டாளி ஒருவர் வேண்டுமென்று பத்திரிகையில் விளம்பரம் செய்திருந்தார். பெண் கொடுக்கப் போகிறவர்கள் அக்கம்பக்கம் விசாரிப்பதுபோல, மனிதர் ஒவ்வொருவரைப் பற்றியும் நேரில் போய் விசாரிக்கிறார் என்று தேக்கா மார்க்கெட் முழுக்க ஒரே பேச்சு.

அந்த விளம்பரத்துக்கு சாகுல் ஹமீதும்தான் எழுதிப் போட்டிருந்தார். இருபது வருடமாகப் பொட்டலம் கட்டிய கை. தன் மசாலா டின்னில் ஏறிக் கப்பலில் போகவேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. இரண்டு மாதமாகப் பதில் இல்லை. இன்று மருதப்பனே வந்திருக்கிறார், அதுவும் அழகப்பனைப் பற்றிக் கேட்க!

"நாங்க பேசிக்கிறதில்லைங்க" என்றார் சாகுல்.

"கேள்விப்பட்டேன். ஒன்பது வருஷமாமே. அப்படி என்ன சண்டை?"

"அம்பத்துநாலுல, நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள். கடை நிறைய ஆளு. அந்த நேரம் பார்த்து அவன் மிளகாய் வறுத்தான். புகை பூரா இங்க. நெய் வாங்க வந்த சனமெல்லாம் தும்மிக்கிட்டே ஓடிருச்சு. போய்க் கேட்டா, 'உன் ஏலக்காயைவிட என் மிளகாய்க்கு நெடி ஜாஸ்தி, அந்தப் பொறாமை உனக்கு'ன்னான். அன்னைக்கோட பேச்சு நின்னுபோச்சு."

மருதப்பன் சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். "ஆளு குணம் எப்படி?"

"முன்கோபி. வாயைத் தொறந்தா காரம்தான்." இதைச் சொல்ல சாகுலுக்கு இனிக்கத்தான் செய்தது.

"சரக்கு?"

சாகுல் எதிரே பார்த்தார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அழகப்பன் மல்லி புடைத்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. 'தெரியாதுங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மருதப்பன் நோட்டை மூடிக்கொண்டு எழுந்துவிடுவார். அப்புறம் தன் கடிதத்தைத்தானே எடுத்துப் பார்க்கவேண்டும்?

குவளையைக் கீழே வைத்தார்.

"ஐயா, அவன் வாயில நல்ல வார்த்தை வராது. ஆனா அவன் மிளகாய்த்தூள்ல செங்கல் தூள் வராது."

"அவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?"

"எதிர்ல எதிரி இருந்தா கண்ணு வேற எங்க லா போகும்? ஒன்பது வருஷமா ஒரு குத்தம் கிடைக்காதான்னு பார்த்துக்கிட்டே இருக்கேன். கிடைக்கல." சாகுலின் குரல் தானாக உயர்ந்தது. "அம்பத்தெட்டுல தீபாவளி நேரம். பன்னெண்டு மூட்டை மஞ்சள் வந்து இறங்குச்சு. ஒரு பிடி அள்ளித் தண்ணியில போட்டுப் பார்த்தான். எல்லாம் சாயம் கலந்த சரக்கு. வித்திருந்தா யாருக்குத் தெரியப்போகுது? அத்தனையும் லோரியில ஏத்திக்கிட்டுப்போய் ரோச்சோர் கால்வாயில கொட்டிட்டான். ரெண்டு நாள் கால்வாய் மஞ்சளா ஓடுச்சு. ஏன்னு ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எங்க ரோட்டுக்காரன்யா அவன்!"

"அப்போ நம்பலாம்?"

"கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்."

சொல்லி முடித்த பிறகுதான், தனக்கு வரவேண்டிய ஆலைக் கூட்டைத் தன் வாயாலேயே எதிரிக்குத் தாரைவார்த்துவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. ஆனாலும் சரக்கைக் குறைத்துச் சொல்லவில்லை என்ற பெருமையில் முதுகு நிமிர்ந்தே இருந்தது.

மருதப்பன் நோட்டை மூடினார். "ஒரு கூட்டாளியைத் தேடித்தான் வந்தேன். இப்போ ரெண்டு பேர் வேணும். நீங்களும் ஆலைக்கு வந்துடுங்க பாய்."

"நானா? என்னைப் பத்தி நீங்க யார்கிட்டயும் விசாரிக்கவே இல்லையே!"

"விளம்பரத்துலயே கேட்டிருந்தேனே, உங்களைப் பத்தி உள்ளது உள்ளபடி சொல்லக்கூடிய ஒருத்தர் பேரை எழுதுங்கன்னு. எல்லாரும் மாமன் மச்சான் பேரைத்தான் எழுதினாங்க. நீங்ககூட உங்க மைத்துனர் ரவூப் பேரைத்தான் எழுதியிருந்தீங்க."

சாகுல் அசடு வழிந்தார்.

"ஒரே ஒருத்தர்தான் வேற மாதிரி எழுதினாரு" என்றபடி மருதப்பன் ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

மஞ்சள் கறை படிந்த தாளில் அழகப்பனின் கோழிக் கிறுக்கல்: 'எதிர்க்கடை சாகுல் ஹமீது பாய். என்னோடு பேசமாட்டார், பொய்யும் பேசமாட்டார். அவரையும் சேர்த்துக்கொள்வதானால் நான் வருகிறேன்.'