கோல் முறியட்டும்

ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள் தெக்லா. முன்னால் ஆழம். பின்னால், கரையில், அவள் கணவன் வித்தோல்ட்.

மலையிறங்க இருப்பது ஒரே பாதை. அதை மறித்துக் காரை நிறுத்தியிருந்தான். கார் சாவி, வீட்டுச் சாவி, அவளுடைய போன் எல்லாம் அவன் கோட்டுப் பையில்.

ஊரில் வித்தோல்டுக்கு நல்ல பேர். மனைவியைத் தனியாக எங்கும் விடமாட்டான், அவ்வளவு பாசம் என்பார்கள். பனி உருகியதிலிருந்து அவன் காதில் விழாமல் அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எப்படியாவது, யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

இன்றைக்கு அவன் விருந்தாளிகளுக்கு டிரவுட் மீன் வேண்டும். அவனுக்குத் தூண்டில் வீச வராது. அவளைப் போல் வீச அந்த வட்டாரத்திலேயே ஆளில்லை.

மூங்கில் கோலைப் பின்னுக்குச் சாய்த்து, நூல் காற்றில் நீளும்வரை பொறுத்து, முன்னால் வீசினாள். இறகால் கட்டிய பொய்ப்பூச்சி தண்ணீரில் மெல்ல உட்கார்ந்தது. மீன் கடிக்காமல் இருந்தால் தேவலை என்று இருந்தது. கடித்துவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும்.

ரோந்துப் படகு வந்தது. துடுப்புப் போட்டவர் ஏரியின் மீன்பிடிக் காவலர் செவெரின். கல்யாணத்துக்கு முன் அவளோடு ஒரே சங்கத்தில் மீன் பிடித்தவர்.

"என்னம்மா தெக்லா, ஆளையே காணோம்?"

"அவளுக்கு உடம்பு சரியில்ல சார்," என்று கரையிலிருந்து பதில் வந்தது.

செவெரின் கரைப்பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு துடுப்பை எடுத்தார். "சரிம்மா, வரட்டுமா. கோல் முறியட்டும்!"

போலந்தில் மீன் பிடிப்பவர்களின் வாழ்த்து அது. கோலே முறிகிற அளவுக்குப் பெரிய மீன் மாட்டட்டும் என்று அர்த்தம். அதற்கு நன்றி மட்டும் சொல்லவே கூடாது. சொன்னால் அன்றைக்கு ஒரு செதில்கூடத் தேறாது.

தெக்லா அவர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"ரொம்ப நன்றி."

வித்தோல்ட் தலையில் அடித்துக்கொண்டான். "அடியே, மூளை இருக்கா உனக்கு? நன்றி சொல்லித் தொலைச்சிட்டியே! இனி எங்கேர்ந்து மீன் வரும்?"

"ரொம்ப ரொம்ப நன்றி," என்றாள் மறுபடியும்.

செவெரின் சிரிக்கவில்லை. நன்றி சொல்லாதே என்று சங்கத்துப் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

படகைத் திருப்பி அவள் பக்கத்தில் கொண்டுவந்தார். நூலை இழுத்து, தூண்டில் முள்ளைத் தன் சட்டைக் கையில் குத்தி எடுத்துப் பார்த்தார். அந்த ஏரியில் முள்ளின் நுனியில் பின்பக்கமாக நீட்டும் எதிர்க்கொக்கி இருக்கக் கூடாது என்பது சட்டம். இருந்தால் துணியில் மாட்டிக்கொள்ளும்.

"எதிர்க்கொக்கி இருக்கேம்மா. இது குத்தம்," என்றார், கரைக்குக் கேட்கும்படி. "ஏறு படகுல. ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடணும். சார், நீங்க கார்ல சுத்திக்கிட்டு வாங்க."

வித்தோல்ட் என்னவோ கத்தினான். தெக்லா கோலைப் படகுக்குள் போட்டு, விளிம்பைப் பிடித்து ஏறினாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

முள் துணியில் மாட்டவே இல்லை. வழுக்கிக்கொண்டு வந்ததை அவள் பார்த்திருந்தாள்.