நஞ்சுக்குக் காவல்

அக்தௌ துறைமுகத்துக்கு வெளியே, ஆபத்துச் சரக்கு வண்டிகளுக்கென்று ஒதுக்கிய பொட்டலில், மிர்சாபெக் தன் சயனைடு கண்டெய்னரின் பக்கத்தில் நிற்கிறான். அதில் ஒட்டிய மண்டையோடு நண்பகல் வெயிலில் வெளிறித் தெரிகிறது. வேலிக்கும் சாலைக்கும் அப்பால் கபரஸ்தான். அங்கே, கம்பளத்தில் சுற்றிய அவன் அப்பாவின் உடலுக்குப் பின்னால் ஆண்கள் வரிசை கட்டியிருக்கிறார்கள். “போயிட்டு வாண்ணே, வண்டிய நான் பார்த்துக்கறேன்” என்கிறான் காவலாளி எசென். “இதப் பார்த்துக்க உனக்கு லைசென்ஸ் இருக்காடா? கசிஞ்சா என்ன செய்வே? மாத்து டிரைவர் வரட்டும்.” “அவன் வர்றதுக்குள்ள மண்ணத் தள்ளி மூடிருவாங்கண்ணே.” மிர்சாபெக் வேலி வரை நடந்துபோகிறான். காலையில் வேலியோரம் வந்த தம்பி, “அப்பாவ விட உனக்கு விஷம் பெருசாப் போச்சு, இல்ல?” என்று கேட்டுவிட்டுப் போன முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கடல் காற்று சற்றே தணிகிறது. இமாம் கூடியிருப்பவர்களைப் பார்த்து, வழக்கப்படி, “இவர் எப்படிப்பட்ட மனுஷர்?” என்று கேட்கிறார். “நல்ல மனுஷர்” என்று எல்லோரும் சொல்கிறார்கள். மிர்சாபெக்கும் வேலிக் கம்பியைப் பற்றிக்கொண்டு சொல்ல வாயெடுக்கிறான், வந்த குரல் வேலியைத் தாண்டவில்லை. அந்தப் பெரியவரை ஒருநாளும் பார்த்திராத எசென், இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, சாலைக்கு அப்பால் கேட்கும்படி, “நல்ல மனுஷர்!” என்று கத்துகிறான். தம்பி மட்டும் திரும்பிப் பார்க்கிறான். பிறகு குனிந்து மண்வெட்டியை எடுக்கிறான்.